முதல் சேல்ஸ் ஆள் யார்? நைரோபி, லாகோஸ் அனுபவக் குறிப்புகள்

கேள்வி | 3 பிப்ரவரி 2025

நண்பன் நைரோபியில் சிறு கடைகளுக்கான ஸ்டாக் ஆப் ஒன்றைச் செய்து முடித்துவிட்டான். புரோகிராம் எழுத ஆள் இருக்கிறது, விற்க ஆள் இல்லை. ஒரு நல்ல சேல்ஸ் மேனேஜரை எடுத்தால் போதும் என்கிறான். இல்லாவிட்டால் ஏதாவது ஆக்சிலரேட்டரில் (புதுக் கம்பெனிகளுக்குப் பயிற்சியும் தொடர்புகளும் கொடுக்கும் அமைப்பு) சேர்ந்தால் அவர்களே வாடிக்கையாளரைக் காட்டிவிடுவார்களாம். ஆப்பிரிக்காவில் விற்கத் தெரிந்த ஆள் கிடைப்பதே கஷ்டம் என்று வேறு புலம்புகிறான். அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்: மேனேஜரா, ஆக்சிலரேட்டரா?

3 பிப்ரவரி, இரவு

இரண்டும் இல்லை. அவனே போகட்டும்.

விற்கத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை என்று நைரோபியில் இருந்துகொண்டு ஒருவர் சொன்னால், அவர் கிகோம்பா சந்தைக்குள் கால் வைத்ததில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். பழைய துணி மூட்டையைப் பிரித்த சில நிமிடங்களில் எதை யாரிடம் என்ன விலைக்குத் தள்ளலாம் என்று முடிவு செய்யும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். சட்டையைப் பார்க்கும்போதே அதை வாங்கப்போகிறவரும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடுவார். ஸ்டார்ட்அப் ஆட்கள் தேடுவது இவர்களை இல்லை. லிங்க்ட்இன்னில் ஆங்கிலத்தில் நன்றாக எழுதியிருக்கும் ஆளைத் தேடுகிறார்கள். அப்புறம் ஆள் இல்லை என்கிறார்கள்.

நான் மதுரைப் பக்கம் மருந்து ரெப்பாக லைனுக்குப் போய்க்கொண்டிருந்தவன். பிறகு நைரோபியில் ஒரு சிறு கம்பெனியில் மருந்துக் கடைகளுக்கான பில்லிங், ஸ்டாக் மென்பொருளை விற்றேன். முதலாளி கையில் அழகான ஸ்லைடுகள் இருந்தன. சந்தையின் அளவு, வளர்ச்சிக் கோடு, போட்டியாளர் பட்டியல் என எல்லாம் அதில் உண்டு. ரிவர் ரோடு கடைக்காரர் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எவ்வளவு, இந்தத் தெருவில் வேறு யார் வைத்திருக்கிறார்கள், கெட்டுப்போனால் எத்தனை மணிக்குள் வந்து பார்ப்பாய், கரண்ட் போனால் என்ன ஆகும். இதைத்தான் கேட்டார்கள். நான்கிற்கும் ஸ்லைடில் பதில் இல்லை.

நிறுவனர் தானே போனால்தான் இந்தக் கேள்விகள் அவர் காதில் விழும். மேனேஜரை அனுப்பினால் வாரக் கடைசி அறிக்கையில் "வாடிக்கையாளர் ஆர்வமாக உள்ளார்" என்று ஒரு வரி வரும். அந்த வரியை நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

4 பிப்ரவரி

ஒன்று விட்டுப்போனது. டெமோவை லேப்டாப்பில் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். கடைக்காரரின் போனில், அவருடைய சரக்கை வைத்து, அவர் கையாலேயே செய்யச் சொல்ல வேண்டும். லேப்டாப்பைத் திறந்ததும் வரி ஆபீஸ் ஆள் வந்துவிட்டார் என்று நினைக்கும் கடைகள் உண்டு.

5 பிப்ரவரி

"எம்-பெசா மாதிரி நல்ல பொருள் இருந்தால் தானாக விற்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கென்யாவின் செல்போன் பணப் பரிமாற்றச் சேவையான எம்-பெசாவையே உதாரணமாகக் கொண்டுவந்ததற்கு நன்றி, என் வேலை சுலபமாகிவிட்டது.

2005-ல் அது சோதனைக்கு வந்தபோது நோக்கமே வேறு. சிறுகடன் வாங்கியவர்கள் தவணையைப் போனில் கட்டுவதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். தீகாவிலும் நைரோபியிலும் ஃபவுலு என்ற சிறுகடன் நிறுவனத்தோடு நடத்திப் பார்த்தார்கள். ஜனங்கள் அதைத் தங்களுக்குள் பணம் அனுப்பிக்கொள்ளப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். 2007 மார்ச்சில் கென்யாவின் செல்போன் கம்பெனி சஃபாரிகாம் அதை வெளியிட்டபோது கடனைப் பற்றிப் பேசவே இல்லை. ஊருக்குப் பணம் அனுப்புங்கள் என்ற ஒரே செய்திதான். நகரத்தில் வேலை, கிராமத்தில் குடும்பம் என்று வாழும் நாட்டில் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் விற்றது விளம்பரம் மட்டும் இல்லை, ஏஜென்ட் கடை. பணம் போட்டாலும் கமிஷன், எடுத்தாலும் கமிஷன். அதற்கு ஏஜென்ட் கையில் ரொக்கமும் இருக்க வேண்டும், போனில் இருப்பும் இருக்க வேண்டும். ஒன்று தீர்ந்தால் வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். இந்த இரண்டையும் சமன் செய்து கொடுக்கும் வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பச்சை பெயின்ட் அடித்த பெட்டிக்கடையில் இருந்த பெண்தான் முதல் தடவை வந்தவருக்குப் ரகசிய எண் (PIN) என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்தவர். அதை நான் விற்பனை என்றுதான் சொல்வேன். நிறைய ஸ்டார்ட்அப்கள் இதற்கு "ஆன்போர்டிங்" என்று பெயர் வைத்து, செயலிக்குள் மூன்று திரையில் முடித்துவிடப் பார்க்கின்றன.

9 பிப்ரவரி

பெரிய டெலிகாம் கம்பெனியின் கதையைச் சின்ன கம்பெனிக்குச் சொல்வது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம் இல்லைதான். சஃபாரிகாமிடம் ஏற்கெனவே ரீசார்ஜ் விற்கும் டீலர்கள் இருந்தார்கள். உங்கள் நண்பனிடம் பூஜ்யம்.

அப்படியானால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தவர்களைப் பார்ப்போம். நைஜீரியாவின் தென்கிழக்கில் இக்போ மக்கள். 1967 முதல் 1970 வரை பியாஃப்ரா என்ற தனிநாட்டுக்காக நடந்த போர். போர் முடிந்ததும் வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் ஆளுக்கு 20 பவுண்டு மட்டும் என்று அரசு கொடுத்தது. சொத்து, கடை, சேமிப்பு எல்லாம் போன சமூகம். அதற்குப் பிறகு ஒனிச்சா சந்தை, நெவியின் மோட்டார் உதிரிபாகத் தெருக்கள், லாகோஸில் அலாபா எலெக்ட்ரானிக்ஸ் சந்தை, இகேஜாவின் கம்ப்யூட்டர் வில்லேஜ் என்று எங்கு பார்த்தாலும் இவர்கள்தான். இதில் பெரும்பகுதி ஓர் ஏற்பாட்டால் வந்தது. பையன் ஒரு வியாபாரியிடம் வந்து சேருவான். சாப்பாடும் தங்குமிடமும் வியாபாரி பொறுப்பு, சம்பளம் கிடையாது. ஐந்து, ஆறு, ஏழு வருடம் வேலை. முடிந்ததும் வியாபாரி அவனுக்கு முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தர வேண்டும். பல சமயம் அதே தெருவில், தனக்கே போட்டியாக!

நைரோபியில் போன் உதிரிபாகம் விற்கும் ஓர் இக்போ வியாபாரியோடு எனக்குப் பழக்கம் இருந்தது. பையனுக்கு முதல் வருடம் என்ன கற்றுக்கொடுப்பீர்கள் என்று கேட்டேன். கடையைப் பெருக்குவது, சரக்கை எடுத்துக் கொடுப்பது, வாய் திறக்காமல் நிற்பது என்றார். பேரம் பேச விடுவது ரொம்ப நாள் கழித்துத்தான். அதுவரை அவன் முதலாளி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். யார் வாங்க வந்தவர், யார் விலை விசாரிக்க மட்டும் வந்தவர், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதெல்லாம் அந்த நிற்பதில்தான் வருகிறது. கல்லாவைக் கையில் கொடுப்பது கடைசியில்.

இதோடு நம் ஸ்டார்ட்அப் பயிற்சியை வைத்துப் பாருங்கள். இரண்டு நாள் பட்டறை, வாடிக்கையாளர் மாதிரி ஒருவர் நடிப்பார், மற்றவர் விற்பார், மாலையில் சான்றிதழ்.

இந்த வழியில் வந்தவர்களில் இன்னோசன்ட் சுக்வுமா பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மோட்டார் சைக்கிள் உதிரிபாக வியாபாரத்தில் தொடங்கியவர். அவருடைய இன்னோசன் நிறுவனம் நெவியில் வாகனங்களே தயாரிக்கிறது.

10 பிப்ரவரி

நேற்று எழுதியதை இன்று படித்தால் ரொம்பப் புகழ்ந்த மாதிரி இருக்கிறது. மறுபக்கம்: இதில் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் பெரும்பாலும் இருக்காது. முதல் கொடுக்க வேண்டிய வருடம் வரும்போது திருட்டுப் பட்டம் கட்டி வெளியே அனுப்பும் முதலாளிகள் உண்டு. பையன் ஏமாற்றுவதும் உண்டு. பெண்களுக்கு இந்த ஏற்பாட்டில் இடம் மிகக் குறைவு. ஏழு வருடம் சம்பளம் இல்லாமல் மென்பொருள் கம்பெனியில் யாரையும் வைத்துக்கொள்ளவும் முடியாது, அப்படிச் செய்யவும் கூடாது.

நான் அதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது ஒன்றைத்தான். விற்பவன் பக்கத்தில் நின்று பார்ப்பது. புது ஆளை நிறுவனர் தன்னோடு கூட்டிக்கொண்டு கடை கடையாகப் போகட்டும். முதல் மாதம் அந்த ஆள் பேசவே வேண்டாம்.

(முதல் மாதம் பேசாத சேல்ஸ்மேனுக்குச் சம்பளம் கொடுக்க எந்த முதலீட்டாளர் சம்மதிப்பார் என்று கேட்காதீர்கள். அவர் கேட்கும்போது "பயிற்சிச் செலவு" என்று எழுதிக்கொள்ளலாம்.)

14 பிப்ரவரி

ஆக்சிலரேட்டர், ஹப் (ஸ்டார்ட்அப் ஆட்கள் ஒன்றாகக் கூடி வேலை செய்யும் இடம்) விஷயம். நான் இவற்றுக்கு எதிரி இல்லை.

நைரோபியில் ஐஹப் 2010-ல் தொடங்கியது, ங்கோங் ரோட்டில் பிஷப் மாகுவா சென்டரில். அதற்கு முந்தைய ஆண்டுதான் மொம்பாசாவுக்குக் கடலடி கேபிள்கள் வந்தன. நல்ல இணையமும் ஒரு மேசையும் காபியும் கிடைத்தால் போதும் என்று புரோகிராமர்கள் கூடிய காலம் அது. லாகோஸ் யாபாவில் சிசிஹப் இருந்தது. 2019-ல் சிசிஹப்பே ஐஹப்பை வாங்கிக்கொண்டது. சிசிஹப்பை நடத்திய போசுன் டிஜானி 2023-ல் நைஜீரியாவின் அமைச்சராகவும் ஆனார். 2011-லேயே சில ஹப்கள் சேர்ந்து ஆஃப்ரிலாப்ஸ் என்று ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொண்டன. டோனி எலுமெலு அறக்கட்டளை 2015 முதல் தொழில்முனைவோருக்கு ஆளுக்கு 5,000 டாலர் வித்துப்பணம் கொடுக்கிறது. ஆக, கைகொடுக்கும் அமைப்புகள் இல்லாமல் இல்லை.

குறை எங்கே என்றால், பல இடங்களில் கற்றுக்கொடுப்பது முதலீட்டாளரிடம் பேச. மூன்று நிமிடம், பத்து ஸ்லைடு, கடைசியில் "நாங்கள் கேட்பது இவ்வளவு". அதை நன்றாகச் செய்கிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். மேடையில் புலி. அடுத்த நாள் ஒரு ஹார்டுவேர் கடையில் விலை சொல்லச் சொன்னால் குரல் இறங்கிவிடும், உடனே தள்ளுபடிக்குப் போய்விடுவார்கள். முதலீட்டாளர் ஒருவரிடம் ஒருமுறை வென்றால் போதும். கடைக்காரரிடம் ஒவ்வொரு மாதமும் வெல்ல வேண்டும்.

கானாவின் அக்ராவில் இருக்கும் மெஸ்ட் என்ற பயிற்சி அமைப்பு கொஞ்சம் வேறு மாதிரி. 2008-ல் தொடங்கியவர் மெல்ட்வாட்டர் நிறுவனர் யோர்ன் லிசெகன். மெல்ட்வாட்டர் ஊடகக் கண்காணிப்பு மென்பொருளை விற்று வளர்ந்த கம்பெனி. மெஸ்டில் கோடிங்கோடு வியாபாரமும் பேச்சும் சேர்த்து ஒரு வருடம் படிக்க வைத்தார்கள். ஒரு வருடம் என்பதையாவது கவனியுங்கள், இரண்டு நாள் இல்லை.

நம்ம ஊர்ச் சம்பந்தமும் ஒன்று உண்டு. சென்னையில் 2001-ல் தொடங்கிய வில்க்ரோ என்ற ஸ்டார்ட்அப் ஆதரவு அமைப்பின் கிளை மாதிரி நைரோபியில் வில்க்ரோ கென்யா வந்தது, இப்போது வில்க்ரோ ஆப்பிரிக்கா. மருத்துவத் துறைக் கம்பெனிகளுக்கு உதவுகிறார்கள். அதில் விற்பது இன்னும் கடினம்: பயன்படுத்துபவர் நர்ஸ், முடிவெடுப்பவர் டாக்டர், பணம் கொடுப்பது வேறொரு அலுவலகம்.

15 பிப்ரவரி

பணம் கொடுப்பவர் என்றதும் ஞாபகம் வந்தது. எல்.பி.ஓ., அதாவது வாங்குபவர் கொடுக்கும் கொள்முதல் ஆணை. கென்யாவில் பெரிய கம்பெனிக்கோ மாவட்ட அரசுக்கோ விற்றால் கையில் முதலில் வருவது அந்தத் தாள். அதை வாங்கிய அன்று அலுவலகத்தில் கேக் வெட்டுவார்கள். பணம் 60 நாள் என்பார்கள், 90 ஆகும், அப்புறம் ஃபைல் ஒருவர் மேசையில் இருக்கிறது என்பார்கள், அவர் லீவில் இருப்பார். நான் இருந்த கம்பெனி இப்படி ஒரு பாக்கிக்காகக் காத்துக்கொண்டே இருந்து, எங்கள் சம்பளத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுத்த மாதங்கள் உண்டு. விற்றது யாரிடம் என்று சொல்லப்போவதில்லை.

அதனால் என் பிடிவாதம்: கமிஷன் கையெழுத்துக்கு இல்லை, வசூலுக்கு. பணம் வந்த அன்று கமிஷன். இப்படி வைத்தால் சேல்ஸ் ஆளே "இந்த ஆள் பணம் தரமாட்டார்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். கையெழுத்துக்குக் கமிஷன் கொடுத்தால் அதே ஆள் வாய் திறக்கமாட்டார்.

இன்னொன்று. இப்போது கென்யாவில் இன்வாய்ஸ் ஈடிம்ஸ் என்ற மின்னணு முறையில் போக வேண்டும். அது இல்லாத பில்லை வாங்குபவர் வரிக்கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. புது ஸ்டார்ட்அப் இதைத் தயாராக வைத்திருக்காமல் போய் நின்றால் கணக்காளர் முதல் வாரமே திருப்பி அனுப்புவார். இது விற்பனைத் திறமையா என்றால், ஆமாம் என்பேன்.

16 பிப்ரவரி

ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கா என்று நானும் பொதுவாகப் பேசுகிறேன். எனக்குத் தெரிந்தது நைரோபி, ஓரளவு லாகோஸ். செனகலின் டக்காரில் வேவ் என்ற செல்போன் பணக் கம்பெனி செய்தது வேறு. வசதியான செயலி இருந்தாலும் அவர்கள் முக்கியமாக விற்றது விலையை: பணம் போட, எடுக்க இலவசம், அனுப்ப 1 சதவீதம். பெரிய டெலிகாம் கம்பெனி தன் கட்டணத்தைக் குறைக்க வேண்டி வந்தது. கையில் பெரிய முதல் இருந்தால் அப்படி விற்கலாம். உங்கள் நண்பன் முயற்சி செய்ய வேண்டாம்.

21 பிப்ரவரி

ஏஜென்ட்தான் எல்லாம் என்று நான் சொன்ன மாதிரி சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கோபியாவைப் பாருங்கள். 2013 முதல் கென்யக் கிராமங்களில் கடைக்காரர்களையே ஏஜென்டாக வைத்து ஆர்டர் எடுத்து, அவர்கள் கடைக்கே சரக்கை அனுப்பினார்கள். ஜனங்களுக்குப் பிடித்திருந்தது. 2024 மே மாதம் கம்பெனி நொடித்து, திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. ஒரு கிலோ சர்க்கரையையும் ஒரு சோப்பையும் அவ்வளவு தூரம் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தால் லாபம் எங்கே மிஞ்சும்? ஏஜென்ட் நன்றாக விற்க விற்க நஷ்டம் கூடும் வியாபாரங்கள் உண்டு.

டுவிகா இன்னொரு பாடம். வாழைப்பழத்தில் ஆரம்பித்து, தெருக் காய்கறிக் கடைகளுக்குச் சரக்கு சேர்த்த கம்பெனி. 2022 கடைசியில் சொந்த விற்பனைப் பணியாளர்களை விலக்கிவிட்டுக் கமிஷன் ஏஜென்ட் முறைக்குப் போனார்கள். செலவு குறையும். ஆனால் கடைக்காரரின் பெயர், அவர் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது, எந்தக் கிழமை அவர் கையில் காசு இருக்கும் என்பதெல்லாம் கம்பெனியில் இல்லை, அந்த ரெப் தலையில் இருந்தது. ரெப் போனால் அதுவும் போய்விடும். இதை எந்த மென்பொருளிலும் முழுதாக ஏற்றிய யாரையும் நான் பார்த்ததில்லை, மென்பொருள் விற்றவன் நானே சொல்கிறேன்.

தவணையில் சோலார் விளக்கு விற்று ஆரம்பித்த எம்-கோபா மாதிரிக் கம்பெனிகளில் இன்னும் நுணுக்கம். அங்கே ஒவ்வொரு விற்பனையும் ஒரு கடன். வேகமாக விற்கும் ஏஜென்டைவிட யாருக்கு விற்கக் கூடாது என்று தெரிந்த ஏஜென்டுக்கு மதிப்பு.

22 பிப்ரவரி

இப்போது ஆதரவு வலை. கேள்வியின் பாதி அதுதானே.

கென்யாவில் நிறையப் பேர் ஏதாவது ஒரு சாமாவில் இருப்பார்கள். மாதாமாதம் பணம் போட்டு முறை வைத்து எடுத்துக்கொள்ளும் குழு, நம்ம ஊர் சீட்டு மாதிரி. சில சாமாக்கள் நிலம் வாங்கும், சில கடன் கொடுக்கும். ஆனால் அதன் நிஜமான சொத்து, உள்ளே இருப்பவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்திருப்பது.

எங்கள் சேல்ஸ் ஆட்கள் சிலர் அதே பாணியில் ஒரு குழு வைத்திருந்தோம். பணம் கிடையாது. ஒருவர் மருந்துக் கடைகளுக்கு மென்பொருள், ஒருவர் குளிர்பதனப் பெட்டி, ஒருவர் காப்பீடு, ஒருவர் பேக்கிங் பொருள். யாரும் யாருக்கும் போட்டி இல்லை, எல்லோரும் ஒரே கடைகளுக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை மதியம் ந்யாமா சோமா (சுட்ட இறைச்சி) சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம்: எந்த மருத்துவமனை பணத்தை இழுக்கிறது, எந்தக் கடையில் முடிவெடுப்பது முதலாளி இல்லை அவர் மனைவி, எந்தச் சங்கிலிக் கடை புதுக் கிளை திறக்கிறது. எனக்குக் கிடைத்த நல்ல வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அந்தத் தட்டுகளைச் சுற்றி வந்தவர்கள். வழிகாட்டி என்று அலுவலகம் ஏற்பாடு செய்த பெரிய மனிதரிடமிருந்து வந்தது நிறைய அறிவுரை, இரண்டு புத்தகப் பெயர்.

இல்லை, அவருக்கு அநியாயம் செய்யக் கூடாது. ஒரு வங்கியில் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அறிவுரையைவிட அந்த ஒரு மின்னஞ்சல் பெரிது. வழிகாட்டியிடம் கேட்க வேண்டியது அதைத்தான்: உங்கள் பெயரைச் சொல்லி யாரிடம் போகலாம்?

23 பிப்ரவரி

"சேல்ஸ் ஆட்கள் இப்படித் தகவல் பரிமாறினால் கம்பெனி ரகசியம் என்ன ஆகும்?" நியாயமான கேள்வி. விலையும் ஒப்பந்தமும் பேசமாட்டோம். யார் பணம் தருகிறார், யார் தரமாட்டார் என்பது ரகசியம் இல்லை, அது சந்தையில் எல்லா டீக்கடைக்கும் தெரிந்தது. கம்பெனிகளுக்கு மட்டும்தான் தெரியாது.

2 மார்ச்

நைஜீரியாவில் இருக்கும் ஒருவர் மோனிபாயின்ட் பற்றி எழுதச் சொன்னார். அவர்கள் 2015-ல் டீம்ஆப்ட் என்ற பெயரில் வங்கிகளுக்கு மென்பொருள் செய்துகொடுத்தவர்கள். பிறகு தெருக்கடை ஏஜென்ட்களிடம் கார்டு மெஷினோடு போனார்கள். 2023 தொடக்கத்தில் புது நைரா நோட்டு மாற்றத்தில் நாடு முழுக்க ரொக்கம் கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தபோது, கார்டு மெஷின் வேலை செய்த கடைக்குத்தான் கூட்டம். அந்தச் சில வாரங்களில் நடந்ததை எந்த விற்பனைப் பேச்சாலும் செய்ய முடியாது. ஆனால் மெஷின் ஏற்கெனவே கடையில் இருந்ததால்தான் அது நடந்தது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தவர்கள் வெயிலில் நடந்த ஆட்கள்.

6 மார்ச்

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார்: நண்பன் ஒரு மாதமாகத் தானே கடைகளுக்குப் போகிறானாம், சிலர் வாங்கியிருக்கிறார்கள், இப்போது ஓர் ஆளைச் சேர்க்க வேண்டும், என்ன கொடுப்பது?

அடிப்படைச் சம்பளம் கட்டாயம். முழுக் கமிஷன் என்றால் வீட்டு வாடகை கட்ட வேண்டிய வாரத்தில் அந்த ஆள் யாருக்கு வேண்டுமானாலும் எதையாவது சொல்லி விற்றுவிடுவார். போக்குவரத்துக்கும் போன் டேட்டாவுக்கும் தனியாகக் கொடுக்கட்டும், சம்பளத்தில் அடக்க வேண்டாம். மழை வந்தால் நைரோபியில் மட்டாட்டு (மினி பஸ்) கட்டணம் ஏறும், அதைத் தன் சம்பளத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்றால் அந்த நாட்களில் யாரும் கடைக்குப் போகமாட்டார்கள். கமிஷன் வசூலுக்கு, மேலே சொன்னபடி.

ஆளை எங்கே தேடுவது: அவன் ஆப் விற்கப்போகும் கடைகளுக்கு இப்போது பிஸ்கட், சோப்பு, ரீசார்ஜ் விற்றுக்கொண்டு வரும் ரெப்களைப் பார்க்கட்டும். கடைக்காரர்களிடமே "உங்களிடம் வருபவர்களில் யார் ஒழுங்கானவர்?" என்று கேட்டால் இரண்டு பெயர் சொல்வார்கள். மென்பொருள் தெரியாவிட்டால் பரவாயில்லை, அதை இரண்டு வாரத்தில் சொல்லிக்கொடுக்கலாம். மேற்குக் கென்யாவின் கிசுமு நகரத்துக்குப் போகும் திட்டம் இருந்தால் லுவோ பேசுபவர் வேண்டும், நைரோபி ஸ்வாஹிலி மட்டும் அங்கே போதாது.

ஆக்சிலரேட்டர் இப்போது சேரலாம். விண்ணப்பத்துக்கு முன் அங்கே ஏற்கெனவே போய்வந்த கம்பெனிகளில் ஒன்றுக்கு போன் போட்டு, பட்டறை எப்படி இருந்தது என்று கேட்காமல், அவர்கள் மூலம் வந்த வாடிக்கையாளர் எத்தனை பேர், அதில் பணம் கட்டியவர் எத்தனை பேர் என்று கேட்கச் சொல்லுங்கள்.

7 மார்ச்

ந்யாமா சோமா எங்கே நல்லது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: கென்யாட்டா மார்க்கெட். மதியத்துக்கு முன்னாலேயே போய்விடுங்கள்.